ஒரு கட்டமா, இரண்டு கட்டமா

“எனக்குச் சமன் வேணாம், சார். ஞாயித்துக்கிழம நான் ஜெயிக்கிறதுக்கு ஆடணும். அதுக்கு விடுங்க.”

பிரேமினி இதைச் சொன்னபோது காஸ்மோர் தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் நான்கு பேர் நின்றிருந்தார்கள், ஒருவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தவர் பெரிய கிளாக்கர் யோகேஸ்வரன். தோட்டத்துச் சதுரங்கக் கழகத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவர்தான். நின்றவர்கள் அணி. அதிலும் நான்காம் பலகையில் ஆடுகிற தனுஜா அவருடைய மகள் என்பதால், நாற்காலியின் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

இப்படி எதையும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் மீனம்மா மகளை வளர்த்திருந்தாள். முப்பது வருடம் கொழுந்து பறித்த கை அவளுடையது. விடிகாலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கங்காணி கை நீட்டிய மலைக்குப் போய்ப் பறித்துவிட்டு வந்தவள். “மலைய மாத்திக் கேக்காத, புள்ள. கேட்டவளுக்கு மறுநாளு அட்டக்கடி மலைதான்,” என்பாள். பள்ளிக்கூடத்தில் புத்தகம் கேட்காதே, பேராதனை விடுதியில் அறை மாற்றிக் கேட்காதே, வேலை கிடைத்த பிறகு இடமாற்றம் கேட்காதே. எல்லாவற்றையும் பெரட்டாகவே பார்த்தவள் அவள்.

சதுரங்கமும் இங்கே பெரட்டுதான் என்பதை அவள் அறியமாட்டாள். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் யோகேஸ்வரன் அணியை வராந்தாவில் நிறுத்துவார். யாருக்கு எந்தப் பலகை, யார் எந்தத் திறப்பாட்டத்தை ஆடுவது, எத்தனையாவது நகர்வில் சமன் கேட்பது என்று மலை பிரிக்கிற மாதிரி பிரித்துக் கொடுப்பார். அவர் நன்றாக ஆடுவாரா என்றால், சுமாராக ஆடுவார். தோற்கிற மாதிரி இருந்தால் சாப்பாட்டு நேரம் என்று சொல்லிப் பலகையை மூடிவிடுவார்.

“என்ன கேட்ட?” என்றார்.

“கேட்டது கேட்டதுதான் சார். இந்த வருசம் நாலு ஆட்டம் ஆடுனேன், நாலும் ஜெயிச்சேன். அஞ்சாவதையும் ஜெயிக்கணும்.”

“ஒனக்கு ரெண்டாம் பலகை. கறுப்பு. நுவரெலியா டவுன் கழகத்துல ரெண்டாம் பலகை யாரு? யசோதினி டீச்சர். அந்தப் பொண்ணு என்ன ஆடும்?”

“டி-நாலு.”

ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தொடங்குவதைத்தான் டி-நாலு என்பார்கள். யசோதினி வெள்ளையில் வேறெதையும் ஆடி யாரும் பார்த்ததில்லை.

“அதுக்கு நீ ஸ்லாவ் ஆடு. ராணிச் சிப்பாய முன்னால விடு, பக்கத்துச் சிப்பாய ஒரு கட்டம் தள்ளி அதுக்கு முட்டுக் குடு. அவ வெட்டுவா, நீ வெட்டு. அப்பறம் ரெண்டு பக்கமும் கண்ணாடி பாத்த மாதிரி ஒண்ணா இருக்கும். பதினஞ்சாவது நகர்வுல அவளே சமன் கேப்பா. எடுத்துக்க. அரைப் புள்ளி வந்தா போதும், கிண்ணம் நமக்குத்தான்.”

“போன வருசமும் இதத்தான் சொன்னீங்க.”

“கிண்ணம் வந்துச்சா இல்லியா?”

வந்தது. அதற்கு முந்திய வருடமும் வந்தது. இரண்டு கிண்ணமும் ஸ்டாஃப் கிளப் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. இரண்டு வருடமும் கடைசி ஆட்டத்தில் அவள் சொன்னபடி சமன் எடுத்தாள். கிண்ணத்தை ஒரு தடவை தொட்டாள். போட்டோ எடுக்கும்போது, ஓரத்தில், இரண்டு விரலால்.

“யோசிச்சுச் சொல்றேன் சார்,” என்றாள்.

“யோசிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு? நீ படிச்ச புள்ள,” என்று யோகேஸ்வரன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். அவர் ‘படிச்ச புள்ள’ என்றால் ‘வாயை மூடு’ என்று பொருள்.

*

படித்த பிள்ளைதான். காஸ்மோர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள். ரிசல்ட் வந்தபோது அவளுடைய முகத்தை ஆறடிக்குப் பெரிதாக்கிப் பதாகை அடித்து, வாசிகசாலைக்கு முன்னால் கட்டினார்கள். மாலை போட்டவர் யோகேஸ்வரன். அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தாள். பிறகு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை கொடுத்தார்கள். தாய்மார் மலைக்குப் போன பிறகு அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. காகிதத்தில் அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் இருக்கிறது; காரியத்தில் முப்பத்தொரு மூக்கைத் துடைக்கிற வேலை. அந்தப் பதாகை இப்போது மீனம்மாவின் விறகுக் கட்டுக்கு மேலே கிடக்கிறது. மழை எவ்வளவு அடித்தாலும் விறகு நனையாது. அந்த அளவுக்கு அந்தப் பட்டம் பிரயோசனப்பட்டிருக்கிறது.

சதுரங்கத்தை அவளுக்கு இந்தத் தோட்டம் கற்றுக்கொடுக்கவில்லை. பேராதனை விடுதியில், மூன்று மாத வேலைநிறுத்தத்தில் பாடம் நடக்காமல் கிடந்தபோது, பக்கத்து அறை மட்டக்களப்புப் பெண்ணோடு ஆடிப் பழகியது. பிறகு போன்தான் துணை.

சனிக்கிழமை பகல் பிள்ளைகள் பாய்களில் தூங்கிய நேரத்தில் அவள் அளவெடுத்துப் பார்த்தாள். டி-நாலுக்குக் கறுப்பில் எதை ஆடுவது?

ஸ்லாவ் ஆடினால் யசோதினி வெட்டுவாள், கதை முடிந்தது. கிங்ஸ் இந்தியன் பிரேமினிக்குப் பிடித்தமானது. ஆனால் போன வருடம் வேறொரு போட்டியில் யசோதினியோடு அதைத்தான் ஆடினாள், டீச்சர் இதற்குள் அதைக் கரைத்துக் குடித்திருப்பாள். டச்சு ஆடலாம், முதல் நகர்விலேயே சொந்த ராஜாவின் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு விருந்துக்குக் கூப்பிடுகிற ஆட்டம், தைரியம் வேண்டும், கொஞ்சம் மடத்தனமும் வேண்டும். மிச்சம் பெனோனி.

பெனோனியில் கறுப்பு, மந்திரிக்கு முன்னால் இருக்கிற சி-சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வெள்ளையை வம்புக்கு இழுக்கும். வெள்ளை தன் ராணிச் சிப்பாயை இன்னும் முன்னால் கொண்டுவந்து கறுப்பின் நெஞ்சுக்கு நேரே நிறுத்தும். நடு முழுக்க வெள்ளைக்கு. கறுப்புக்கு மூச்சுவிட இடமிருக்காது. அதற்குப் பதிலாக ஓரத்தில் மூன்று சிப்பாய்கள் இரண்டுக்கு எதிராகக் கிடைக்கும். அவற்றை முன்னே கொண்டுபோனால் ஆட்டம் கறுப்புடையது. முடியாவிட்டால் நசுங்கிச் சாக வேண்டியதுதான். சமன் மட்டும் லேசில் வராது.

‘இடநெருக்கடியைத் தாங்கத் தெரியாதவர்கள் இதை ஆட வேண்டாம்’ என்று போனில் ஓடிய பாடத்தில் ஒரு வெள்ளைக்காரன் எச்சரித்தான். பிரேமினிக்குச் சிரிப்பு வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் ஏழு பேராக வளர்ந்தவளிடம் வந்து சொல்கிறான்.

ஒரு விஷயம் அவளுக்கு வசதியாக இருந்தது. முதல் நகர்வுக்குக் குதிரையை எடுத்தால் எதையும் காட்டிக்கொடுக்காது. அதன் பிறகும் ஸ்லாவுக்குப் போகலாம். இரண்டாவது நகர்வில்தான் தெரியும். சி-சிப்பாய் ஒரு கட்டம் போனால் ஸ்லாவ், இரண்டு கட்டம் போனால் பெனோனி. ஒரு கட்டமா, இரண்டு கட்டமா. அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் மீனம்மா அடுப்படியில் குந்திக்கொண்டே கேட்டாள்: “பெரிய கிளாக்கரய்யாகிட்ட எதையோ கேட்டியாமே?”

“அதுக்குள்ள வந்துருச்சா?”

“தண்ணி புடிக்கிற பீலியில பேச்சியம்மா சொல்லுறா. ஏன்டி, நம்ம கூரைத் தகரத்துக்கு எழுதிக் குடுத்த கடுதாசி அவரு மேசையிலதான கெடக்கு?”

“மூணு வருசமா கெடக்கு. நான் கேக்காமலே கெடக்கு. கேட்டாலும் அங்கதான் கெடக்கப் போவுது.”

“வெளையாட்டுத்தான? அவரு சொல்லுறத ஆடிட்டு வந்துரு. ஒனக்கு என்ன கொறஞ்சு போவுது?”

என்ன குறையும் என்று பிரேமினி சொன்னாள். கிண்ணத்தை வெல்லுகிற கழகம், தன் பெண்களில் அதிகப் புள்ளி எடுத்தவளை மாகாண அணிக்கு அனுப்பலாம். மாகாண அணி என்றால் சம்பளத்தோடு லீவு, கொழும்பில் பயிற்சி, தேசியப் போட்டி. அங்கே நன்றாக ஆடினால் வேலை கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன, மேசை நாற்காலியோடு. அதற்கு அஞ்சுக்கு அஞ்சு வேண்டும்.

மீனம்மா நெருப்பை ஊதினாள். “அப்படின்னா ஒன்னயவா அனுப்புவாக?” என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் பிரேமினிக்கு அதிகமாகச் சுட்டது.

*

ஞாயிறு விடிகாலை தோட்டத்து வேன் புறப்பட்டது. முன்சீட்டில் யோகேஸ்வரன், அவருக்குப் பின்னால் தனுஜாவும் முதல் பலகை கிஷாந்தும். கடைசி சீட்டில் பிரேமினியும் அழகுமுத்துவும். அழகுமுத்து மூன்றாம் பலகை. ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிறவன். கைவிரல் நகமெல்லாம் சாயம் ஏறிக் கறுத்திருக்கும். “வெள்ளையில ஆடுனாலும் நான் கறுப்புத்தான்” என்று கையை விரித்துக் காட்டுவான்.

ஹட்டன் தாண்டியதும் அவன் குரலைத் தாழ்த்தினான். பிள்ளைக்காம்பராக்காரியை அவன் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவான். “டீச்சரம்மா, ஒரு கணக்குச் சொல்றேன், சரியான்னு பாருங்க. நீங்க நாலுக்கு நாலு.”

“ஆமா.”

“முன்னால ஒக்காந்திருக்க தங்கச்சி?”

பிரேமினி தனுஜாவின் பின்னந்தலையைப் பார்த்தாள். நான்காம் பலகையில் வருகிறவர்கள் பெரும்பாலும் குதிரை எப்படிப் போகும் என்று இன்னும் யோசிக்கிற பிள்ளைகள். தனுஜாவும் நாலுக்கு நாலு.

“இன்னைக்கும் அது ஜெயிக்கும். எதிர்ல எட்டாம் வகுப்புப் புள்ள. அதுக்கு முழுப்பேரு, ஒங்களுக்கு அரைப்பேரு. அஞ்சு, நாலரை. யாரு கூட?”

பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அன்றைக்குப் பாதிநாள் கூலிதான் விழும், அதுதான் அரைப்பேர். மீனம்மா அரைப்பேரோடு வந்த நாட்களில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

“இது எப்ப தெரிஞ்சிச்சு, அண்ணே?”

“எனக்கா? வெள்ளிக்கிழம வராந்தாவுலயே. ஒங்களுக்குந்தான் தெரியும். படிச்சவங்க, நல்லவிதமா நெனச்சுப் பாப்போம்னு பாத்திருப்பீங்க.”

அவன் சொன்னது சரிதான். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. கிண்ணத்துக்காகச் சொல்கிறார் என்று இரண்டு நாள் தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள். முட்டாளாக இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது.

*

போட்டி நடந்த மண்டபம் நுவரெலியா சந்தைக்குப் பின்னால் இருந்தது. குளிரில் எல்லோருடைய வாயிலிருந்தும் புகை வந்தது. யசோதினி டீச்சர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், இங்கே கணிதம் படிப்பிக்கிறாள். கடிகாரத்தை ஓடவிடுவதற்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

“கையெல்லாம் விறைக்குது, என்ன?” என்றாள். பிறகு சாதாரணமாக, “பதினைஞ்சில நான் கேக்கிறன். நீங்கள் ஓம் எண்டு சொன்னாச் சரி. வேளைக்கு முடிச்சிட்டுப் போய்த் தேத்தண்ணி குடிப்பம்.”

“யாரு சொன்னா?”

யசோதினியின் முகம் மாறியது. “உங்களுக்குச் சொல்லேல்லையே? உங்கட சாரும் எங்கட சாரும் வியாழக்கிழமையே போனில கதைச்சவை. எங்களுக்கு அரைப் புள்ளி கிடைச்சாக் காணும், ரெண்டாமிடம் வந்திடும். உங்களுக்குக் கிண்ணம். நீங்கள் ஸ்லாவ், நான் வெட்டுறன். எல்லாம் பேசினதுதானே.”

வியாழக்கிழமை. வராந்தாவில் வரிசையாக நிறுத்துவதற்கு ஒரு நாள் முன்னால்.

“எங்கிட்ட பேசல,” என்றாள் பிரேமினி.

“அப்ப?”

“அப்பன்னா, ஆடுவோம் டீச்சர்.”

நடுவர் மணியடித்தார். யசோதினி ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். பிரேமினி குதிரையை எடுத்து வைத்தாள். யசோதினி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் சி-சிப்பாயைக் கொண்டுவந்தாள். இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அவள் முகம் சொன்னது.

பிரேமினி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று நிமிடம் போனது. இரண்டாவது நகர்வுக்கு மூன்று நிமிடம் யோசிப்பதைப் பார்த்துப் பக்கத்துப் பலகைக்காரன்கூட எட்டிப் பார்த்தான். அவள் ஆட்டத்தை யோசிக்கவில்லை. தோற்றால் என்ன நடக்கும் என்று வரிசையாகப் பார்த்தாள். கிண்ணம் போகும். தகரம் போகும். லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் ‘படிச்ச திமிரு’ என்பார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் சோறு போடுவாள், அது எல்லாவற்றிலும் மோசம். சொன்னபடி ஆடினால் இவை ஒன்றும் நடக்காது. இன்னொரு போட்டோ நடக்கும். ஓரத்தில், இரண்டு விரலால்.

சி-சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி, கடிகாரத்தைத் தட்டினாள்.

யசோதினிக்குக் கன்னம் சிவந்தது. கோபத்தோடு தன் ராணிச் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் முன்னால் தள்ளினாள். அப்புறம் எல்லாம் புத்தகப்படி போயிற்று. வெள்ளைக்கு நடு, கறுப்புக்கு நெருக்கடி. டீச்சர் நன்றாகத்தான் ஆடினாள். ஆனால் சமனுக்கென்று வந்த மனசை உடனே சண்டைக்குத் திருப்ப அவளால் முடியவில்லை. ஒவ்வொரு காயையும் கொஞ்சம் பின்னாலேயே வைத்தாள்.

பதினைந்தாவது நகர்வில், கணக்குத் தவறாமல், “சமன்?” என்றாள்.

“இல்ல.”

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. யோகேஸ்வரன் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். அணிப் போட்டியில் தலைவர் தன் ஆட்டக்காரரிடம் ‘சமன் கேள்’ என்றோ ‘சமனை எடு’ என்றோ சொல்லலாம். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லக் கூடாது. பாவம், மனிதருக்கு இருந்த கோபத்துக்கு அந்த இரண்டு சொல் எந்த மூலைக்கு?

“சமனை எடு,” என்றார்.

“எடுக்கல, சார்.”

“எடு.”

“வேணாம்.”

“எடுன்னு சொல்றேன்ல...”

“கதா கரன்ன எப்பா, மாத்தயா,” என்று நடுவர் சிங்களத்தில் சொல்லி உதட்டில் விரலை வைத்தார். யோகேஸ்வரன் அப்படியே நின்றார். பேசாதீர்கள் என்று ஒருவர் அவரிடம் சொன்னதை அன்றைக்குத்தான் பிரேமினி பார்த்தாள். கொஞ்ச நேரம் ஆட்டமே மறந்துபோயிற்று.

மறந்ததற்குத் தண்டனை உடனே கிடைத்தது. இருபத்தோராவது நகர்வில் யசோதினி நடுச்சிப்பாயைத் தள்ளி உடைத்தாள். சிப்பாயால் வெட்டப் பிரேமினியின் கை போனது. பாதி வழியில் நின்றது. சிப்பாயால் வெட்டினால் அந்த ராணிச் சிப்பாய்க்கு வழி திறந்துவிடும், நேரே வந்து குரல்வளையைப் பிடிக்கும். பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாள். குதிரையால் வெட்டினாள். வழி அடைபட்டது. யசோதினி பெருமூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகு ஓரத்துச் சிப்பாய்கள் இறங்கின. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கறுப்பின் சி-சிப்பாய் ராணியாவதற்கு ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது. அதைத் தடுக்க ஒரு கோட்டை போதாது என்று தெரிந்ததும் யசோதினி கடிகாரத்தை நிறுத்திக் கையை நீட்டினாள்.

“வடிவா விளையாடினீங்கள்,” என்றாள். பிறகு, “உங்கட சார் தந்த சொல்லு என்னாச்சு எண்டு எங்கட சார் என்னைத்தான் கேக்கப் போறார்.”

“அவரு தந்த சொல்லு டீச்சர். நான் தரல.”

“அது எனக்கு விளங்குது. அவருக்கு விளங்கோணுமே.” அவள் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள்.

அழகுமுத்து தோற்றான். மற்ற மூன்றும் வெற்றி. தனுஜாவின் எட்டாம் வகுப்புக்காரி பதினோராவது நகர்வில் ராணியைத் தானமாகக் கொடுத்திருந்தாள். கிண்ணம் காஸ்மோருக்கு. பிரேமினி அஞ்சுக்கு அஞ்சு. தனுஜாவும் அஞ்சுக்கு அஞ்சு.

*

திரும்பும் வழியில் நானுஓயாவில் தேநீருக்கு நிறுத்தியபோது யோகேஸ்வரன் வேனிலிருந்து இறங்கவே இல்லை.

“நான் தோத்ததுல பெரிய கிளாக்கருக்கு வருத்தமே இல்ல பாத்தீங்களா?” என்றான் அழகுமுத்து. “நீங்க ஜெயிச்சதுலதான் வயித்த வலி.”

“ரெண்டு பேரும் அஞ்சு அண்ணே. எனக்கு ரெண்டாம் பலகை, அவளுக்கு நாலாம் பலகை. எந்த ஊர்லயும் மேல் பலகையத்தான் எடுப்பாங்க.”

“எந்த ஊர்லயும் எடுப்பாங்க. நம்ம ஊர்ல?” அவன் போனை அவள் பக்கம் திருப்பினான். “இதப் பாருங்க. கண்டியில பொதுத் தெரிவுப் போட்டி. எந்தக் கழகத்துக் கடுதாசியும் வேணாம், அடையாள அட்டை இருந்தா போதும். மொதல் ரெண்டு பேரு மாகாண அணியில. ஆனா வர்ற புதன்லயிருந்து ஞாயிறு வரைக்கும். லீவு குடுக்க மாட்டாங்க. கேக்காமப் போனா வேல போயிரும்.”

பிரேமினி போனை வாங்கி இரண்டு தடவை படித்தாள். தலவாக்கலை வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் படிவத்தில் தன் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை எண் எல்லாம் நிரப்பினாள். ‘கழகம்’ என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டாள். அனுப்பினாள்.

“பதிஞ்சிட்டீங்களா?” அழகுமுத்துவுக்குக் கண் விரிந்தது. “வீட்டுல ஒரு வார்த்த கேக்கல?”

“கேக்காதன்னுதான் அம்மா சொல்லியிருக்கு.”

*

ஸ்டாஃப் கிளப்பில் தேநீரும் கேக்கும் வைத்திருந்தார்கள். அழகுமுத்து பழக்கப்படி வெளியே படியிலேயே நின்றுகொண்டான். பிரேமினியை உள்ளே கூப்பிட்டார்கள். இந்தத் தோட்டத்தில் பிறந்து இருபத்தேழு வருடத்தில் அந்த வாசலை அவள் தாண்டியது அன்றைக்குத்தான். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பில்லியட் மேசை, அதன் மேலே புதுக் கிண்ணம், ஒரு நனைந்த நாய் வாசனை.

யோகேஸ்வரன் நாற்காலியைக் காட்டினார். “ஒக்காரு.” அவள் உட்காரவில்லை. எதிரில் தனுஜா ஒரு பலகையை விரித்துக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீ இன்னைக்குச் செஞ்சத நான் மனசுல வைக்கல,” என்று தொடங்கினார். “ஜெயிச்சிட்ட, சரி. தோத்திருந்தா பேச்சு வேற. இப்ப மாகாண அணி விஷயம். ரெண்டு பேரும் அஞ்சு. கழகம் யாரச் சொல்லுதோ அவங்கதான் போகலாம். கடிதம் எழுதியாச்சு. தனுஜா போகட்டும்.”

“எப்ப எழுதுனீங்க சார்?”

“அது எதுக்கு ஒனக்கு?”

“சும்மா கேக்குறேன். வியாழக்கிழமயா, வெள்ளிக்கிழமயா?”

அவர் கேக்கை வெட்டினார். “அவளுக்குப் பத்தொம்பது. இன்னும் வயசிருக்கு. நீ போயிட்டா இங்க புள்ளக்காம்பராவ யாரு பாக்குறது? ஒம்மேல எனக்கு எவ்வளவு மதிப்புன்னு ஒனக்குத் தெரியாது. ஒன்னால ஒரு உதவி வேணும். மாகாணத்துல எல்லாரும் டி-நாலுதான் ஆடுறாங்களாம். இவளுக்கு அதுக்கு ஒண்ணும் தெரியாது. கறுப்புல என்ன ஆடுறதுன்னு நீதான் இந்த ரெண்டு கிழமையும் ஒக்காந்து சொல்லிக் குடுக்கணும்.”

“ஸ்லாவ் ஆடச் சொல்லுங்க சார். கண்ணாடி பாத்த மாதிரி இருக்கும்.”

“அது சமனுக்கு ஆடுறது. இவ ஜெயிக்கணும்ல?” என்றார் யோகேஸ்வரன். கூச்சமோ கிண்டலோ அந்தக் குரலில் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். “நீ இன்னைக்கு ஒண்ணு ஆடுனியே. அதையே சொல்லிக் குடேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

வெளியே படியில் அழகுமுத்து இருமினான்.

தனுஜா கெட்ட பிள்ளையல்ல. ஆர்வத்தோடு சி-சிப்பாயை விரலால் தொட்டுக்கொண்டு, “அக்கா, இத ரெண்டு கட்டம் தள்ளுனீங்கல்ல? அப்பறம் அவங்க நடுவுல வந்து நெருக்குனா என்ன பண்றது?” என்று கேட்டாள்.

பிரேமினிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். நல்ல பதில். சொல்லிக்கொடுத்தால் இரண்டு வாரத்தில் இந்தப் பெண் அதைச் சுமாராக ஆடிவிடுவாள். கூரைக்குத் தகரமும் வந்துவிடும்.

“நெருக்குனா பொறுத்துக்கிட்டு இருக்கத் தெரியணும், தங்கச்சி,” என்றாள். “ஒனக்கு அது வராது. ஒன்ன யாரும் நெருக்குனதில்ல. ஒங்கப்பாவையே வேற ஏதாவது பிரிச்சுத் தரச் சொல்லு.”

“ஏய்!” யோகேஸ்வரன் கத்தியைக் கீழே வைத்தார். “யார்கிட்ட பேசுற? நாளைக்கு வேல வேணுமா வேணாமா ஒனக்கு?”

“புதன்கிழம கண்டியில எனக்கு ஆட்டம் இருக்கு சார். என் பேர்ல பதிஞ்சாச்சு. லீவு கேக்க வரல. நாளைக்கும் நாளன்னைக்கும் வந்து புள்ளைங்கள ஒப்படைச்சிடுறேன். அதுக்குள்ள வேற ஆள் பாருங்க.”

“கண்டியில போயி என்னத்த கிழிக்கப் போற? ஒன் பின்னால யாரு இருக்கா?”

“யாரும் இல்ல.”

“தோத்துட்டு இந்த வாசலுக்குத்தான் வருவ.”

“தோத்தாலும் தோக்கலாம்,” என்றாள் அவள். “இந்த வாசலுக்கு வர மாட்டேன்.”

மேசையில் இருந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை, கிண்ணத்தையும் தொடவில்லை. தனுஜாவின் விரல் இன்னும் அந்தச் சிப்பாயின் மேலேயே இருந்தது. பிரேமினி அவளைத் தாண்டி, கதவைத் தாண்டி, படியில் வாய் பிளந்து நின்ற அழகுமுத்துவையும் தாண்டி, மழை தொடங்கியிருந்த றோட்டில் இறங்கி நடந்தாள்.